பேனை ஒழிக்க எந்த வழி: சீப்பா, மருந்தா, மாத்திரையா?

தலையில் ஓடும் பேனைக் கொல்வது அவ்வளவு கடினமான காரியமில்லை. முடியில் ஒட்டியிருக்கும் ஈர்தான் வைத்தியத்தைத் தோற்கடிக்கிறது. சீப்பு, பூச்சிமருந்து, சிலிக்கோன் எண்ணெய், மாத்திரை, மொட்டை என்று வழிகள் பல இருக்கின்றன. எதை எடைபோட்டாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இன்று முடியில் இருக்கும் ஈரை இது என்ன செய்யும்? கொல்லுமா, உருவி எடுக்குமா, இல்லை பொரியும்வரை காத்திருந்து குஞ்சைப் பிடிக்குமா? இதற்கு விடை தெரியாமல் எதை வாங்கித் தடவினாலும் இரண்டு வாரத்தில் பழைய கதைதான்.

பெண் பேன் நாளொன்றுக்கு எட்டு ஈர் வரை இடும். தோலை ஒட்டி, முடியின் அடியில், தண்ணீரில் கரையாத பசையால் ஒவ்வொன்றையும் ஒட்டிவிடும். தலையின் சூட்டில் அது ஏழு முதல் ஒன்பது நாளில் பொரியும். சில பத்து நாளும் எடுத்துக்கொள்ளும். குஞ்சு மூன்று முறை தோலுரித்து, பொரிந்த ஒன்பது முதல் பன்னிரண்டு நாளில் முழுப் பேனாகிறது. அதன்பின் ஏறக்குறைய ஒரு மாதம் தலையில் வாழும். சில மணிக்கு ஒரு முறை இரத்தம் குடித்தாக வேண்டும் என்பதால், தலையை விட்டு விழுந்த பேன் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். அது பறக்காது, தாவாது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து போய்ச் சேர்கிறது, அவ்வளவுதான்.

இந்த நாள் கணக்கைச் சிகிச்சையோடு பொருத்திப் பாருங்கள். முதல் நாள் மருந்தில் ஓடும் பேன் அத்தனையும் செத்துவிட்டது, ஈர் மட்டும் தப்பியது என்று வைத்துக்கொள்வோம். அன்றே பொரிந்த குஞ்சு, வளர்ந்து தானே ஈர் இட ஒன்பது பத்து நாளாவது ஆகும். அன்று காலை இட்ட ஈர் பொரியவும் ஏறக்குறைய அதே ஒன்பது நாள். ஆகவே ஒன்பதாம் நாளை ஒட்டி ஓர் இடைவெளி வாய்க்கிறது: பழைய ஈர்கள் ஏறக்குறைய எல்லாம் பொரிந்திருக்கும், புதிய ஈர் இன்னும் விழுந்திருக்காது. இரண்டாம் முறை மருந்து அந்த நாளில் விழுந்தால் சங்கிலி அறுகிறது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பதறிப்போய்த் திரும்பத் தடவினால், பொரியாத ஈர் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். மூன்று வாரம் கழித்துத் தடவினால் அடுத்த தலைமுறை ஈர் இட்டு முடித்திருக்கும். ஈரைக் கொல்லாத மருந்தை முதல் நாள், ஏழாம் நாள், இரண்டு வாரத்தை ஒட்டி ஒரு நாள் என மூன்று முறை போடும் ஏற்பாடும் இதே கணக்கில் பிறந்ததுதான்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் இன்னொன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். தலையில் இப்போது உயிருள்ள பேன் இருக்கிறதா? முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்கிறது. தோலிலிருந்து 6 மி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கும் ஈர் பெரும்பாலும் பொரிந்துபோன வெற்று ஓடு. வெள்ளையாகப் பளிச்சென்று கண்ணில் படுவது அதுதான். உயிருள்ள ஈரோ பழுப்பாக, முடியின் நிறத்தோடு கலந்து, அடியில் மறைந்திருக்கும். பொடுகையும் எண்ணெய்ப் பிசுக்கையும்கூட ஈர் என்று நினைத்துவிடுவதுண்டு. ஊதினால் பறப்பதும், விரலால் தள்ளினால் நகர்வதும் ஈர் அல்ல. அரிப்பையும் நம்ப முடியாது. பேனின் உமிழ்நீருக்கு உடல் காட்டும் ஒவ்வாமைதான் அரிப்பு. முதல் முறை பேன் பிடித்தவருக்கு அது தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். பேன் எல்லாம் செத்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் அரிக்கலாம். பழைய ஓட்டையும் மிச்ச அரிப்பையும் பார்த்துவிட்டு ஒரு குழந்தையின் தலையில் மீண்டும் மீண்டும் பூச்சிமருந்து கொட்டுவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத செயல். ஈரத் தலையைப் பேன் சீப்பால் ஒரு முறை முழுக்க வாரிப் பார்த்தால் பேன் உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

அந்தச் சீப்பே ஒரு முழு வைத்தியம். இஸ்ரேலில் லாக்கீஷ் அகழாய்வில் கிடைத்த யானைத் தந்தச் சீப்பு ஒன்றுக்கு வயது ஏறக்குறைய 3,700 ஆண்டுகள். தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் வேரோடு களையட்டும் என்ற பொருளில் கானானிய எழுத்தில் ஒரு வரி அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பல்லிடுக்கில் பேனின் உடல் மிச்சமும் இருந்தது. அத்தனை பழைய கருவி இன்றைய ஆய்வுகளிலும் தாக்குப்பிடித்து நிற்கிறது என்பது எனக்கு வியப்பான செய்தி.

உலர்ந்த முடியில் சீப்பைக் கண்டால் பேன் விரைந்து ஓடி ஒளிந்துவிடும். முடியை நனைத்துக் கண்டிஷனரோ எண்ணெயோ தாராளமாகத் தடவினால் அதன் ஓட்டம் மட்டுப்படும், சீப்பும் வழுக்கிச் செல்லும். பற்களுக்கிடையே 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி மட்டுமே உள்ள சீப்பு வேண்டும். அப்போதுதான் புதிதாகப் பொரிந்த குஞ்சும் சிக்கும். முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தோலைத் தொட்டு நுனிவரை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். காதோரமும் பிடரியும் பேனுக்குப் பிடித்த இடங்கள், அங்கே அவசரம் கூடாது. முதல் நாள், ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதின்மூன்றாம் நாள் என நான்கு முறை வாரி, பதினேழாம் நாள் சரிபார்ப்பது ஒரு நல்ல முறை. ஈரை உருவாவிட்டாலும் இது பலிக்கும். பொரிந்த குஞ்சு பெரிதாகி ஈர் இடுவதற்குள் சீப்பு இரண்டு முறையாவது அதன் மேல் போய்விடும். ஈர்வலி கொண்டு ஈரையும் உருவினால் இன்னும் நல்லது, ஆனால் அது கட்டாயமில்லை.

சீப்பும் மருந்தும் நேருக்கு நேர் மோதிய இரண்டு பிரிட்டன் ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு புதிர் எழும். 2000-ஆம் ஆண்டு வேல்ஸில் நடந்த ஆய்வில், ஏழு நாள் இடைவெளியில் இரண்டு முறை மாலத்தியான் என்ற பூச்சிமருந்தைப் போட்ட குழந்தைகளில் 78% பேருக்குப் பேன் போயிற்று. ஈரத் தலையை வாரியவர்களில் 38% பேருக்குத்தான். 2005-இல் பிரிட்டனின் வேறு பகுதிகளில் நடந்த ஆய்வில் கணக்கு தலைகீழானது: சீப்புக்கு 57%, கடையில் வாங்கிய மருந்துகளுக்கு 13%. எது உண்மை என்றால் இரண்டும்தான். பேன் மருந்துக்குப் பழகிப்போன ஊரில் மருந்து தோற்கிறது. வாருகிற கை தளர்ந்த வீட்டில் சீப்பு தோற்கிறது. ஆகவே சராசரி வெற்றி எவ்வளவு என்பதைவிட, இந்த வீட்டில் இரண்டு வாரம் விடாமல் பொறுமையாக வாரக்கூடியவர் இருக்கிறாரா என்பதே சரியான கேள்வி. இருந்தால் சீப்புக்கு நிகரில்லை. கைக்குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும் தயங்காமல் சொல்லக்கூடிய வழி அது. மிக நீண்ட, அடர்ந்த, சுருண்ட முடியிலும், வலி தாங்காமல் திமிறும் குழந்தையிடமும் அது உண்மையிலேயே கடினம். அங்கே சீப்பை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன்.

பூச்சிமருந்துகளில் பரவலாகக் கிடைப்பது 1% பெர்மெத்ரின். அலசித் துவட்டிய ஈர முடியில் தடவி, பத்து நிமிடம் விட்டு அலசுகிறோம். அதற்கு முன் கண்டிஷனர் போட்டால் மருந்து முடியில் பிடிக்காது. பேனின் நரம்பில் சோடியம் செல்லும் வழியை மூட விடாமல் பிடித்துக்கொள்வதுதான் இதன் வேலை. நரம்பு ஓயாமல் துடித்துப் பேன் முடங்கிச் சாகும். ஈருக்குள் முதல் நான்கு நாள் வரை நரம்பே உருவாகியிருக்காது. இல்லாத நரம்பை எந்த மருந்து தாக்கும்? பெர்மெத்ரினுக்கு இரண்டாம் முறை தேவைப்படுவது இதனால்தான். இரண்டு மாதக் குழந்தை முதல் பயன்படுத்தலாம், தோல் வழியே உடலுக்குள் மிகக் குறைவாகவே செல்கிறது. இவை அதன் நல்ல பக்கங்கள்.

கெட்ட பக்கம் எதிர்ப்புத்திறன். மருந்து பற்ற வேண்டிய அந்தச் சோடியம் வழியின் வடிவமே பல நாட்டுப் பேன்களில் மரபணு மாற்றத்தால் மாறிவிட்டது. அமெரிக்காவின் 48 மாநிலங்களில் திரட்டிய பேன்களை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், இந்த எதிர்ப்பு மரபணு வடிவங்களின் பங்கு சராசரியாக 98 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. மரபணு இருப்பதாலேயே மருந்து முழுக்கத் தோற்றுவிடும் என்று பொருளில்லை. ஆனால் மருந்து போட்டு எட்டுப் பன்னிரண்டு மணி கழித்தும் பேன் சுறுசுறுப்பாக ஓடினால் அது தெளிவான அடையாளம். அப்போது அதே மருந்தைக் கூட்டிப் போடுவது வீண், வேறு வகைக்கு மாற வேண்டும். மாலத்தியான் ஈர்களிலும் ஓரளவைக் கொல்லும், ஆனால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தலையில் இருக்க வேண்டும். ஆல்கஹாலில் கரைத்த வகை எளிதில் தீப்பற்றும், முடி உலர்த்தும் கருவியின் சூடும் அருகில் வரக் கூடாது. லிண்டேன் பற்றி விவாதிக்கவே தேவையில்லை. வலிப்பு வரை கொண்டுபோகும் நரம்பு நச்சு அது; இத்தனை மாற்று இருக்கும்போது அதைக் குழந்தை தலையில் போடுவதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த வழி டைமெத்திகோன். இது ஒரு சிலிக்கோன் எண்ணெய், நரம்பு நஞ்சல்ல. பேனின் உடலைப் போர்த்தி, மூச்சுத் துளைகளுக்குள் புகுந்து அடைத்துவிடுகிறது. குடித்த இரத்தத்தில் உள்ள அளவுமிஞ்சிய நீரை வெளியேற்ற வழியில்லாமல் பேன் சாகிறது. கொல்லும் விதம் பௌதிகமானது என்பதால், பூச்சிமருந்துக்குப் பழகிய பேனும் இதற்குத் தப்புவதில்லை. 2005-இல் வெளியான ஆய்வில் 4% டைமெத்திகோன் 70% பேரிடமும், அதோடு ஒப்பிட்ட ஃபெனோத்ரின் என்ற பூச்சிமருந்து 75% பேரிடமும் பலித்தன, ஏறக்குறைய சமம். தோல் எரிச்சல் மட்டும் முன்னதில் 2%, பின்னதில் 9%. இரண்டு ஆண்டு கழித்து மாலத்தியானோடு ஒப்பிட்டபோது டைமெத்திகோன் 70%, மாலத்தியான் 33%. ஈரை எவ்வளவு கொல்லும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது. ஆகவே இதற்கும் இரண்டாம் முறை உண்டு, நடுவில் சீப்பும் உண்டு. உலர்ந்த முடியில் அடி முதல் நுனி வரை நனையத் தடவ வேண்டும், சிக்கனம் பிடித்தால் பேன் பிழைக்கும். சில தயாரிப்புகள் தீப்பற்றக்கூடியவை. தடவிய தலையோடு அடுப்பருகிலோ விளக்கருகிலோ நிற்கக் கூடாது. கீழே சிந்தினால் தரை வழுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரை என்றால் ஐவர்மெக்டின். பேன் குடிக்கும் இரத்தத்திலேயே மருந்து இருக்கிறது, ஆகவே தலையின் எந்த மூலையையும் விட்டுவிடுமோ என்ற கவலையில்லை. ஈரைத் தொடாது, அதனால் ஏழெட்டு நாளில் இரண்டாம் வேளை வேண்டும். வேறு மருந்துகளுக்குப் பணியாத பேன் உள்ள வீடுகளில் நடத்தி 2010-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், எட்டாம் நாள் இரண்டாம் வேளை கொடுத்துப் பதினைந்தாம் நாள் பார்த்தபோது, மாத்திரை எடுத்தவர்களில் 95% பேரும் மாலத்தியான் போட்டவர்களில் 85% பேரும் பேனற்று இருந்தார்கள். எண்ணிக்கையில் இதுவே முன்னணி. ஆனாலும் முதல் நாளே இதைக் கேட்டு மருத்துவரிடம் ஓடுவதை நான் ஆதரிக்கவில்லை. 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கொடுப்பதில்லை; எடைக்கேற்ற அளவை மருத்துவர்தான் குறிக்க வேண்டும். தோலுக்கு வெளியோடு நின்றுவிடும் ஒரு தொல்லைக்காக உடல் முழுவதும் மருந்தைச் செலுத்துகிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. மற்றவை இரண்டு முறை ஒழுங்காகச் செய்தும் தோற்ற பிறகு இதன் இடம் வருகிறது. தலையில் தடவும் ஐவர்மெக்டின், ஸ்பினோசாட் இரண்டும் ஆறு மாதக் குழந்தை முதல் பயன்படுத்தத் தக்கவை. ஸ்பினோசாட் ஈரையும் பெருமளவு கொல்வதால் பலருக்கு ஒரே முறை போதுகிறது. தலையில் தடவும் ஐவர்மெக்டின் ஈரைக் கொல்வதில்லை. ஆனால் தப்பிய ஈரிலிருந்து வரும் குஞ்சு பிழைப்பதில்லை, அதனால் அதற்கும் ஒரு முறை போதும். கிடைக்கும் இடத்தில், மாத்திரைக்கு முன் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டு வைத்தியங்களில் எண்ணெய் பேனை மந்தமாக்கும், வாருவதற்கு உதவும். தனியாக அது தலையைத் துப்புரவாக்கும் என்பதற்கு உறுதியான சான்றில்லை. மண்ணெண்ணெய், பெட்ரோல், பயிருக்கோ மாட்டுக்கோ அடிக்கும் பூச்சிமருந்து ஆகியவற்றைத் தலையில் ஊற்றுவது உயிரோடு விளையாடுவது. தீக்காயத்தாலும் நச்சாலும் குழந்தைகள் மாண்டிருக்கிறார்கள். தலைப்பேன் எந்த நோயையும் பரப்பாத ஒரு தொல்லை. அதற்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியதே இல்லை.

மொட்டை பலிக்கும். பிடித்துக்கொள்ள முடி இல்லையென்றால் பேனும் இல்லை, ஈரும் இல்லை. ஆனால் முடி அந்தக் குழந்தையுடையது. தானே விரும்பிக் கேட்டால் சரி. அழ அழப் பிடித்துவைத்து மழிப்பது வைத்தியமல்ல, தண்டனை. பேன் வந்ததற்கு அழுக்கும் காரணமில்லை, சோம்பலும் காரணமில்லை. தினம் குளிக்கும் தலையிலும் அது அதே சுகத்தோடு வாழும். பள்ளியிலிருந்து பிள்ளையைத் திருப்பி அனுப்புவதும் இதே வகைக் கொடுமை. கண்டுபிடிக்கும் நாளுக்குள் பேன் வாரக்கணக்கில் அந்தத் தலையில் இருந்திருக்கும். அன்று மதியம் வீட்டுக்கு அனுப்பித் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பும் இப்படி விலக்கி வைப்பதை எதிர்க்கிறது.

ஆகவே தலைப்பேனுக்கு என் தேர்வு டைமெத்திகோனும் சீப்பும் சேர்ந்தது. அது கிடைக்காவிட்டால், பொறுமையுள்ள கை இருந்தால் சீப்பு மட்டும், இல்லாவிட்டால் பெர்மெத்ரின் இரண்டு முறை. எதை எடுத்தாலும் வீட்டில் எல்லாருடைய தலையையும் அதே நாளில் பார்த்து, உயிருள்ள பேன் உள்ள அத்தனை பேருக்கும் சேர்த்துச் செய்ய வேண்டும். கடந்த இரண்டு நாளில் தலையில் பட்ட தலையணை உறை, துண்டு, தொப்பி இவற்றை 54 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் துவைத்தால் போதும். சீப்பை அதே சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைக்கலாம். வீடு முழுக்க மருந்து தெளிக்க வேண்டாம்.

சீலைப்பேன் என்றால் இந்தத் தேர்வெல்லாம் மாறிவிடும். உருவத்தில் தலைப்பேனிலிருந்து பிரித்தறிவதே கடினம், இரண்டும் ஒரே இனத்தின் இரு வகைகள். ஆனால் சீலைப்பேன் வாழ்வதும் ஈர் இடுவதும் உடையின் தையல் மடிப்புகளில். பசிக்கும்போது மட்டும் தோலுக்கு வந்து போகிறது. தலையில் போடும் மருந்து, சீப்பு, மொட்டை எதற்கும் இங்கே வேலையில்லை. உடையை மாற்றி, சுடுநீரில் துவைத்து, தையல்களில் சூடாக இஸ்திரி போட்டு, குளித்தால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. துவைக்க முடியாததை இறுகக் கட்டிய பையில் இரண்டு வாரம் வைத்தால் பேன் பட்டினியால் சாகும். மாற்று உடையும் குளிக்கத் தண்ணீரும் உள்ளவரிடம் சீலைப்பேன் நிலைப்பதில்லை. போரிலும், சிறையிலும், அகதி முகாமிலும், வீடற்றவர்களிடமும் அது பெருகுவதற்குக் காரணம் அந்த மனிதர்களல்ல, அவர்களுக்குக் கிடைக்காமல் போனவைதான்.

இங்கே தாமதம் உயிரை வாங்கும். டைஃபஸ், அகழிக் காய்ச்சல், மீள் காய்ச்சல் மூன்றையும் பரப்புவது சீலைப்பேன். துனிஸ் மருத்துவமனையில், குளிப்பாட்டி உடை மாற்றிய பிறகு டைஃபஸ் நோயாளிகளிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றவில்லை என்பதைக் கவனித்த பிரெஞ்சு மருத்துவர் சார்ல் நிக்கோல், பேனே கடத்தி என்று 1909-இல் நிறுவினார். 1928-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அதற்காகக் கிடைத்தது. 1943–44 குளிர்காலத்தில் நேப்பிள்ஸ் நகரில் டைஃபஸ் பரவியபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் உடைக்குள் டிடிடி என்ற பூச்சிக்கொல்லித் தூளை ஊதி அடக்கினார்கள். சில ஆண்டுகளிலேயே, கொரியப் போரின்போது, டிடிடிக்குச் சாகாத பேன்கள் வந்துவிட்டன.

ஆயிரக்கணக்கானோர் நெருங்கி வாழும் முகாமில் எல்லா உடையையும் ஒரே நாளில் சுடுநீரில் துவைப்பது நடவாத காரியம். அங்கே உடை களையாமலேயே உள்ளே தூவும் பெர்மெத்ரின் தூள் நியாயமான தேர்வு. மாத்திரையையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். பிரான்சின் மார்செய் நகரில் வீடற்றோர் விடுதியில் ஐவர்மெக்டின் மூன்று வேளை கொடுத்தபோது, சீலைப்பேன் உள்ளவர்கள் 85 விழுக்காட்டிலிருந்து 19 விழுக்காட்டுக்குக் குறைந்தார்கள். பின்னர் மீண்டும் பெருகியது. உடை அதேதான், படுக்கை அதேதான் என்றால் வேறென்ன நடக்கும்? டைஃபஸ் தொடங்கிவிட்ட இடத்தில் நோயாளிக்கு 200 மி.கி. டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை ஒரே வேளை கொடுத்தாலே உயிரைக் காக்கலாம். பேனை ஒழிக்கும் வேலை அதற்காகக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் ஏறிய உடலைப் பேன் விட்டு விலகி, பக்கத்தில் படுத்திருப்பவரைத் தேடிப் போகிறது. ஆகவே முதலில் கழற்ற வேண்டியது காய்ச்சல் கண்டவரின் உடை. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, உதறாமல், நேரே பையில் போட்டுக் கட்ட வேண்டும். காய்ந்த பேன் கழிவின் தூளை மூச்சில் இழுத்தாலும் டைஃபஸ் தொற்றும்.